பீப்பாயும் நீலத்துணியும்: போர்தோ மதுவின் வரலாற்றில் அரியாங்குப்பத்தின் இடம்

1

ஒரு சரக்கின் வரலாற்றை எழுதும்போது அது விளைந்த நிலத்துக்குச் சொந்தக்காரன் பெயர் வருகிறது. விற்றவன் பெயரும் வாங்கியவன் பெயரும் வருகின்றன. ஏற்றிப்போன கப்பலின் பெயர்கூட வருகிறது. சுமந்தவன் பெயர் மட்டும் வருவதில்லை. வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது ஒரு குறையாகவே படவில்லை என்பதுதான் நம் பிரச்சினை.

இந்தக் கட்டுரை பிரான்சின் தென்மேற்கில் உள்ள போர்தோ வட்டாரத்தையும் அங்கே விளையும் திராட்சை மதுவையும் பற்றியது. எழுதுகிறவன் புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்தில், பேட்டில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் சேரியைப் பேட் என்றுதான் சொல்வார்கள். "கூழுக்கே வழியக் காணோம், இவனுக்கு ஒயின் ஆராய்ச்சி கேக்குதா"ன்னு எங்க தெருவுலயே சிரிப்பாங்க. சிரிக்கட்டும். பிரெஞ்சுக்காரனுடைய மதுவைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் அந்த மதுவில் இல்லை. அதை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது, அதை ஏற்றி வந்த கப்பல் திரும்பும்போது எதை ஏற்றிப்போனது என்பதில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் நம் ஆட்கள் நிற்கிறார்கள்.

முதலில் ஊரைப் பார்ப்போம். கரோன், தொர்தோஞ் என்ற இரண்டு ஆறுகள் கூடி ஜிரோந்த் என்ற அகன்ற கழிமுகமாகி அட்லாண்டிக் கடலில் விழுகின்றன. போர்தோ நகரம் கரோன் ஆற்றின் வளைவில் இருக்கிறது. கழிமுகத்தின் இடதுகரையில் மெதோக். சரளைக்கல் மண். கபெர்னே சோவிஞோன் என்ற கறுப்புத் திராட்சைக்கு ஏற்ற நிலம். வலதுபக்கம் சேன்த் எமிலியோனும் பொமெரோலும். சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும். அங்கே மெர்லோ என்ற திராட்சை அதிகம். தெற்கே சோத்தெர்ன் என்ற இடத்தில் காலை மூடுபனியில் ஒருவகைப் பூஞ்சை பிடித்து வற்றிச் சுருங்கிய திராட்சையிலிருந்து இனிப்பு மது எடுக்கிறார்கள். நம் பக்கத்தில் அழுகல் என்று தூக்கி எறிவதற்கு அங்கே 'மேன்மையான அழுகல்' என்று பெயர். அழுகலுக்குக்கூட மேன்மை கொடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். மனிதனையே அழுக்கு என்று ஒதுக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

2

போர்தோவின் பழைய பெயர் புர்திகலா. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கிரேக்க நிலவியலாளர் ஸ்த்ராபோ அந்த ஊரை 'எம்போரியோன்', அதாவது வணிகத்துறை என்று குறிப்பிடுகிறார். அப்போது அது திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்பெற்ற ஊர் அல்ல. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த சரக்கைக் கைமாற்றிவிட்ட ஆற்றுத்துறை. அங்கே கொடி நட்டு மது எடுக்கத் தொடங்கியது கி.பி. முதல் நூற்றாண்டில்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய தாலமி, நம் கடற்கரையில் பொதுகே என்ற ஊரைச் சொல்கிறார். அதற்கும் அதே சொல்தான்: எம்போரியோன். அந்தப் பொதுகேதான் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் காக்காயந்தோப்பை ஒட்டியிருக்கும் அரிக்கமேடு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கடல் ஏற்றம் ஏறி இறங்குகிற ஆற்றின் கரையில் இரண்டு துறைகள். ஒன்று போர்தோ ஆகியது. இன்னொன்று தென்னந்தோப்புக்குள் மண்மேடாகிக் கிடக்கிறது.

அரிக்கமேட்டில் கிடைத்தவற்றில் முக்கியமானது இரண்டு கைப்பிடியுள்ள நீண்ட மண்சாடியின் உடைசல். அம்போரா என்பார்கள். கிரேக்கத் தீவான கோஸ், இத்தாலியின் காம்பானியா போன்ற இடங்களின் மது இந்தச் சாடிகளில்தான் வந்தது. அதாவது, புர்திகலாவில் முதல் திராட்சைக்கொடி வேர்பிடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், நம் ஆற்றங்கரையில் யவன மது இறங்கிக்கொண்டிருந்தது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் பொற்கலத்தில் குடித்ததை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். சங்க இலக்கியப் பெருமை பேசுகிற தமிழ் அறிஞர்கள் இந்த இடத்தை விடாமல் எடுத்துக்காட்டுவார்கள். குடித்த மன்னனும் ஊற்றிக்கொடுத்த பெண்களின் வளையலும் அவர்கள் கண்ணுக்குப் படும். அந்தச் சாடியின் எடை யார் கண்ணுக்கும் படுவதில்லை. காலியாக இருக்கும்போதே தனியாளாகத் தூக்க மலைக்க வைக்கிற சாடி. நிரம்பிய சாடியைச் சேற்றில் கால் புதையத் தோளில் வைத்துக் கரை ஏற்றியவன் யார்?

1944இல் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு அம்போராவின் உடைந்த கழுத்தையும் கைப்பிடியையும் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு ஓடிவந்தார் என்பது தொல்லியல் படித்தவர்களுக்குத் தெரிந்த கதை. அதற்கு முன்பே ழூவோ துப்ரேய் இந்த மேட்டின் முக்கியத்துவத்தைச் சொல்லியிருந்தார். அவருக்கும் முன்னால் பதினெட்டாம் நூற்றாண்டில் வானியலாளர் லெ ழந்தீய் இங்கே பழைய செங்கல் கட்டிடம் இருந்ததை எழுதியிருக்கிறார். 1945 கோடையில் வீலர் தோண்டினார். 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு தோண்டியது. எல்லாப் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்களும் கூடை சுமந்தவர்களும் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். எங்க ஆயா சொல்லும், "தொரை மண்ணுல ஓடு பொறுக்கச் சொன்னாரு, உடைஞ்ச ஓட்டுக்குக் கூலி குடுத்தாரு, நாங்க என்னமோ பைத்தியம்னு நெனச்சோம்" என்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் சாடியைச் சுமந்ததும், பிறகு அதன் உடைசலைச் சுமந்ததும் ஒரே வகைக் கைகள்தான் என்று நான் நினைக்கிறேன். இதற்குக் கல்வெட்டுச் சான்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சுமந்தவனுக்கு எந்தக் காலத்தில் யார் கல்வெட்டு வெட்டினார்கள்?

மது வந்தது, சரி. போனது என்ன? வீலர் அரிக்கமேட்டில் செங்கல்லால் கட்டிய தொட்டிகளைக் கண்டார். அவை துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டிகள் என்று கருதினார். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் தமிழகக் கரையிலிருந்து யவன நாட்டுக்குப் போன சரக்குகளில் பருத்தித்துணி முக்கியமானது என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. மது உள்ளே, துணி வெளியே. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினேழு நூற்றாண்டு கழித்து இதே ஆற்றுமுகத்துக்கு அருகில் இதே கணக்கு மறுபடியும் தொடங்குகிறது.

3

இடைப்பட்ட காலத்தில் போர்தோ வளர்ந்தது. 1152இல் அக்கித்தேன் சீமாட்டி எலெனோர், பிறகு இங்கிலாந்து அரசனான ஹென்றியை மணந்துகொண்டாள். சீமாட்டியோடு சீமையும் போனது. 1453 வரை முந்நூறு ஆண்டுகள் போர்தோ ஆங்கிலேய அரசர் வசம். மது லண்டனுக்குப் போய்க் குவிந்தது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் மெதோக்கின் சதுப்பு நிலத்தை வடிகால் வெட்டி உலர்த்தினார்கள். இன்றைக்கு உலகப் புகழ்பெற்ற தோட்டங்கள் பல அந்த உலர்ந்த பூமியை ஒட்டித்தான் எழுந்தன.

ஆனால் போர்தோ நகரத்தின் ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கிறதே கல்மாளிகைகள், அவற்றை மது மட்டும் கட்டவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தத் துறையிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு மதுவும் மாவும் போயின. அங்கிருந்து சர்க்கரையும் காபியும் அவுரி நீலமும் வந்தன. சேன் தொமேங்க் என்ற இன்றைய ஹைத்தியில் அந்தச் சர்க்கரையை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். போர்தோ வணிகர்கள் நேரடியாகவும் அடிமை பிடித்தார்கள். ஏறத்தாழ 500 கப்பல் பயணங்களில் ஒன்றேகால் லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் ஆப்பிரிக்க மக்களை அவர்கள் கடல் கடத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

அடிமையை எதைக் கொடுத்து வாங்கினார்கள்? சாராயம், துப்பாக்கி, இரும்புப் பாளம். எல்லாவற்றிலும் முக்கியமாகத் துணி. செனகல் கரையில் கேட்டது அவுரிச் சாயம் ஏறிய கருநீலத் துணி. அதற்குக் கினே என்று பெயர். அது நெய்யப்பட்டதும் சாயமேறியதும் நம் கரையில்தான். கம்பெனிக் காலத்தில் அது லோரியாந்த் துறை வழியாகப் போனது. 1769இல் பிரெஞ்சுக் கம்பெனியின் ஏகபோகம் நீங்கிய பிறகு போர்தோ வணிகர்களின் கப்பல்கள் தாங்களாகவே இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தன. பிரான்ஸ் அடிமை முறையை 1794இல் ஒழித்தது, நெப்போலியன் 1802இல் திரும்பக் கொண்டுவந்தான், 1848 ஏப்ரல் 27இல் மறுபடி ஒழிக்கப்பட்டது. அடிமை வணிகம் நின்ற பிறகும் நீலத்துணி நிற்கவில்லை. செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசினுக்கு மாற்றாக அதே துணி போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செனகல் வணிகத்தைக் கையில் வைத்திருந்தவை மொரேல்-ப்ரோம் போன்ற போர்தோ நிறுவனங்கள். புதுச்சேரித் துணி போர்தோ கிடங்கில் இறங்கி, அங்கிருந்து சேன் லூயி போனது. போர்தோ மது புதுச்சேரியில் இறங்கியது. அரிக்கமேட்டுக் கணக்குதான். மது உள்ளே, துணி வெளியே.

1843இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. செனகலுக்குப் போகும் கினேத்துணி இன்ன தரத்தில் இருக்க வேண்டும், சோதித்து முத்திரை குத்திய பிறகே அங்கே எடுத்துக்கொள்ளப்படும் என்றது. துணிக்கு முத்திரை. அதற்கு நூல் நூற்ற பெண்ணுக்கு என்ன? கரட்டு நூலும் முரட்டுத்துணியும் ஒரு சாதியின் தொழில் மட்டும் அல்ல. கைக்கோளரும் சேடரும் நெய்தார்கள் என்று எழுதுகிறவர்கள், நெசவையே குலத்தொழிலாகச் செய்த பறையர்கள், கோலியர் என்ற பெயரிலேயே இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். வீட்டு வாசலில் ராட்டையில் நூல் நூற்றவர்களில் நம் பெண்கள் இருந்தார்கள்.

சாயத்துக்கு வருவோம். தென்னார்க்காட்டுப் பக்கம் அவுரி ஏராளமாக விளைந்தது. அறுத்த தழையைத் தொட்டியில் போட்டு நீர் கட்டி ஊறவைக்க வேண்டும். புளித்து நுரை கிளம்பும். நாற்றம் குடலைப் பிடுங்கும். அந்த நீரை அடுத்த தொட்டிக்கு வடித்து, ஆட்கள் இறங்கி அடித்துக் கலக்க வேண்டும். காற்றுப்பட்டதும் பச்சை நீர் நீலமாகி அடியில் படியும். அதை எடுத்துக் காய்ச்சிப் பிழிந்து வில்லையாக உலர்த்த வேண்டும். போர்தோவில் திராட்சை மது எடுக்கும் வேலையும் ஏறத்தாழ இதே வழிதான். அங்கேயும் தொட்டி, அங்கேயும் புளிப்பு, அங்கேயும் தோலின் நிறம் சாற்றில் இறங்கவேண்டும். பிறகு 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை வருஷம் வரை கிடக்கும். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே தொட்டியிலிருந்து வெளியே வந்தது உயர்ந்தவன் மேசைக்குப் போய் உயர்ந்தது. இங்கே தொட்டிக்குள் இறங்கியவனின் தோல் நீலமாகி, அதற்கும் ஒரு வசைப்பேர் வந்தது.

4

மெதோக்கின் வடபகுதியில் சேன்த் எஸ்தேஃப் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே கோஸ் தெஸ்தூர்னெல் என்ற தோட்டம். லூயி கஸ்பார் தெஸ்தூர்னெல் அதன் முதலாளி. அவர் தன் மதுவை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார். விற்காமல் திரும்பிய மதுவை ருசித்தபோது, கடலில் குலுங்கி வெயிலில் வெந்து அது இன்னும் நன்றாகியிருந்தது என்று கண்டாராம். 'இந்தியாவிலிருந்து திரும்பியது' என்று அடையாளமிட்டு அதையே அதிக விலைக்கு விற்றார். மது வைக்கும் கொட்டகையின் மேல் கீழைநாட்டுப் பாணியில் கோபுரங்கள் கட்டினார். அவரை அந்த வட்டாரத்தில் மகாராஜா என்றே கேலியாகவும் மரியாதையாகவும் அழைத்தார்கள். கடனில் மூழ்கித் தோட்டத்தை 1852இல் விற்றார். 1853இல் இறந்தார். அந்தக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள்.

இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய மதுவுக்கு மதிப்புக் கூடியது. இந்தியாவிலிருந்து போன மனிதர்கள் என்ன ஆனார்கள்? அதே 1853 மே மாதத்தில் 'ஒரேலி' என்ற கப்பல் நம் கரையிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மார்த்தினீக் தீவின் சேன் பியேரில் இறங்கியது. 1854 டிசம்பரில் குவாதலூப் தீவுக்கு முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. அடிமைகள் விடுதலையானதும் கரும்புத்தோட்ட முதலாளிக்குக் கைகள் தேவைப்பட்டன. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று கைரேகை வாங்கி, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றினார்கள். 1880களின் முடிவு வரை மார்த்தினீக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். ரெயூனியனுக்குப் போனவர்கள் தனி. பஞ்சத்திலும் பண்ணையடிமைத்தனத்திலும் கிடந்த பறையர், பள்ளர் இந்தக் கப்பல்களில் பெருமளவில் ஏறினார்கள். ஊரில் பண்ணையாரின் களத்தில் சாவதைவிடக் கருந்தண்ணீர் தாண்டிச் சாகலாம் என்று துணிந்தவர்களும் இருந்தார்கள். ஏமாற்றி ஏற்றப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆள்பிடிப்பது புதுச்சேரிக்குப் புதிது அல்ல. நூறாண்டுக்கு முந்தியே, 1743இல், ஆட்களைக் கடத்தி அடிமையாக விற்ற விவகாரம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

இந்த இரண்டு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பாட்டில் கடல் தாண்டினால் மகாராஜா பட்டம். மனிதன் கடல் தாண்டினால் 'கூலி' பட்டம்.

5

1855இல் பாரிசில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதற்காகப் போர்தோவின் தரகர்கள் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். எந்தத் தோட்டத்து மது பல ஆண்டுகளாக என்ன விலைக்குப் போனது என்ற கணக்கை வைத்துச் சிவப்பு மதுக்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். முதல் தரத்தில் நாலே பெயர்: லாஃபித், லத்தூர், மர்கோ, ஓ-ப்ரியோன். கோஸ் தெஸ்தூர்னெல் இரண்டாம் தரம். பொருட்காட்சி முடிந்தது. பட்டியல் முடியவில்லை. 170 ஆண்டுகள் கழிந்தும் அந்த வரிசைதான். 1973இல் மூத்தோன் என்ற தோட்டம் இரண்டிலிருந்து ஒன்றுக்கு ஏறியதைத் தவிரச் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

ஐந்து தரம் என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வராமல் இருக்காது. நால்வருணமும் அதற்கு வெளியே பஞ்சமனும். பிறந்த தோட்டத்தை வைத்து மதிப்பு, ஒருமுறை விழுந்த முத்திரை மாறாது என்பதில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் போர்தோவில் ஐந்தாம் தரத்துக்காரனும் தன் பாட்டிலில் '1855' என்று பெருமையாக அச்சடித்துக்கொள்கிறான். அவனும் பட்டியலுக்கு உள்ளேதான் இருக்கிறான். நம் ஊரில் ஐந்தாவது என்றால் ஊருக்கு வெளியே. அங்கே விலை தரத்தைத் தீர்மானித்தது. இங்கே எந்த வேலைக்கு எந்த விலையும் இல்லை என்பதைச் சாதி தீர்மானித்தது. பார்ப்பனியத்தைவிடத் தரகனின் கணக்குப்புத்தகம் நியாயமாகத் தெரிகிற அளவுக்கு நம் நிலைமை இருக்கிறது என்பதுதான் இதில் உள்ள அவலம்.

பிறகு சட்டம் வந்தது. கலப்பட மதுவையும் பொய்ப்பெயரையும் தடுக்க 1935 ஜூலை 30இல் பிரான்சில் ஓர் ஆணைச்சட்டம் பிறந்தது. இன்ன எல்லைக்குள், இன்ன வகைத் திராட்சையில், இன்ன முறையில் எடுத்தால்தான் அந்த ஊரின் பெயரைப் பாட்டிலில் போடலாம் என்பது சட்டமாயிற்று. மண்ணின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1936 ஜூலை 30. அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ், புதுச்சேரியில் சவானா ஆலை வாசலில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு பேர் செத்தார்கள். நீலத்துணி வணிகத்தின் வயிற்றிலிருந்து பிறந்தவைதான் புதுச்சேரியின் நூற்பாலைகளும் நெசவாலைகளும். அதில் வேலைக்குப் போனவர்களில் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள், எங்கள் பேட்டிலிருந்தும் விடியற்காலையில் நடந்துபோனார்கள். வ. சுப்பையா போன்றவர்கள் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937இல் எட்டுமணி நேர வேலை சட்டமானது. மண்ணின் பெயரைக் காக்க ஒரு தாள் போதுமாயிருந்தது. மனிதனின் எட்டுமணி நேரத்தைக் காக்கப் பன்னிரண்டு உயிர் தேவைப்பட்டது. அந்த ஆலைகளில் பெரியதான ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி., 2020இல் இழுத்து மூடப்பட்டது.

6

போர்தோ என்ற பெயர் நம் உழைப்பாளிகளுக்கு மதுவின் வழியாகத் தெரியாது. மருந்தின் வழியாகத் தெரியும். வெற்றிலைக் கொடிக்கால், காபித் தோட்டம், பாக்குத் தோப்பு எதில் வேலை செய்தவரைக் கேட்டாலும் 'போர்டோ கலவை' என்று சொல்வார்கள். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். இரும்புப் பாத்திரம் ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்ற வேண்டும். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு இரும்புக் கத்தியை விட்டு எடுக்க வேண்டும். கத்தியில் செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத எங்க மாமாவுக்கு இந்த ரசாயனம் தலைகீழ்ப் பாடம்.

இந்தக் கலவை போர்தோவில் பிறந்த கதை கேட்கத்தக்கது. மெதோக்கில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்றார்கள். அதைத் தடுக்க, விஷம் பூசியதுபோலத் தோன்றட்டும் என்று, ஓரத்துக் கொடிகள் மீது துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தார்கள். 1882இல் போர்தோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் மில்லார்தே, சுற்றிலும் அடிச்சாம்பல் நோய் கண்டு இலை உதிர்ந்து கிடக்கையில் இந்த ஓரத்துக் கொடிகள் மட்டும் பசுமையாக நிற்பதைக் கண்டார். ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். பசித்தவனை விரட்டச் செய்த தந்திரம் பயிரைக் காக்கும் மருந்தாகி உலகம் சுற்றியது. பசித்து வந்த வழிப்போக்கன் கை நீட்டியிருக்காவிட்டால் அந்த மருந்து அன்றைக்குப் பிறந்திராது. ஆனால் புகழ் பேராசிரியருக்கு.

தெளித்தவர்கள் கதை வேறு. பல ஆண்டுகள் இந்தக் கலவையைத் தெளித்த திராட்சைத் தோட்டத் தொழிலாளிகளின் நுரையீரல் கெட்டுப்போவதை 1969இல் போர்ச்சுகல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மூக்கை மறைக்கத் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு கைப்பம்பு அடித்த எங்க மாமாவைப் போன்றவர்களின் இருமலை யாரும் எந்தப் பத்திரிகையிலும் வெளியிடவில்லை. நீலம் அவர்களுடைய முதுகிலும் ஏறியிருந்தது. முன்னோர்களுக்கு அவுரி நீலம், இவர்களுக்குத் துத்த நீலம்.

7

திராட்சை மது நம் மக்களுக்கு மிக அருகில் வந்த இடம் கோயில். பூசைக்குத் திராட்சை மதுதான் வேண்டும், வேறு எதுவும் ஆகாது என்பது கத்தோலிக்கச் சட்டம். கிறிஸ்துவின் ரத்தம் என்று அது பீடத்தில் தூக்கிக் காட்டப்படும். நாங்கள் முழங்காலில் நின்று பார்ப்போம். கிண்ணத்திலிருந்து குடிப்பது குருவானவர் மட்டும். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை எந்தச் சாதிப் பொதுநிலையினருக்கும் கிண்ணம் கிடையாது. ஆனால் நமக்குக் கிண்ணத்துக்கு முன்பாகவே ஒரு சுவர் இருந்தது. புதுச்சேரிச் சம்பா கோயிலில் பறையர்களைப் பிரித்து உட்காரவைக்கக் கட்டியிருந்த சுவரை, 1745 அக்டோபரில் காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் இடிக்கச் சொன்னதையும், சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துக் கிளம்பியதையும் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். எல்லோருக்காகவும் சிந்தப்பட்ட ரத்தம் என்று சொல்லிக்கொண்டே நடுவில் சுவர் வைத்தவர்கள் இவர்கள்.

1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்களில் நம்மவர்கள் கணிசம். துறப்பவர் தனக்கென ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களின் பிள்ளைகள் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆனார்கள். அப்படி ஒரு சொல்தா எங்கள் பக்கத்திலும் இருந்தார். அவர் வீட்டு அலமாரியில் ஒரு போர்தோ பாட்டில் இருந்தது. காலிப்பாட்டில். அதில் தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "கோட்டையிலயே அடைச்சதுன்னு போட்டிருக்குடா தம்பி. எந்த ஊரு, எந்தத் தோட்டம், எந்த வருஷம் எல்லாம் இருக்கும். நம்மளப் பத்திதான் ஒண்ணும் இருக்காது" என்றார். 1924இல் மூத்தோன் தோட்டத்தில் முழு அறுவடையையும் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தார்கள். பிறகு மற்றவர்களும் தொடர்ந்தார்கள். ஒரு பாட்டில் தன் பிறப்பை முழுக்கச் சொல்லிக்கொண்டு தலைநிமிர்ந்து நிற்கிறது. பிறந்த பேட்டின் பெயரைச் சொல்லாமல் 'அரியாங்குப்பம் பக்கம்' என்று மழுப்பி வாடகைக்கு வீடு தேடுகிற நம் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

போர்தோ மதுவால் பிழைக்கிற ஊர். அதன் ஆற்றங்கரை 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. புதுச்சேரியும் மதுவால் பேர்வாங்கிய ஊர்தான். 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது எல்லை தாண்டிக் குடிக்க வருகிற ஊராகப் பாண்டி ஆனது. அதற்குக் கிடைத்தது சினிமா நகைச்சுவை. மேசையில் கண்ணாடிக் கோப்பையில் குடித்தால் பண்பாடு, பேட்டு முனையில் பாக்கெட் சாராயம் குடித்தால் கேவலம் என்று பேசுகிறவர்கள் யாரும் மதுவைப் பற்றிப் பேசவில்லை, குடிக்கிறவனின் சாதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சாராயம் நம் குடும்பங்களை அழிப்பது உண்மை. அதில் எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆனால் அந்தக் கடையை ஏலம் விட்டுக் கஜானாவை நிரப்புகிறவர்களே நமக்கு ஒழுக்கம் போதிப்பதை ஏற்க முடியாது.

போர்தோவின் இன்றைய நிலையும் பழைய நிலை அல்ல. மது விற்காமல் தேங்குகிறது. 2023இல் ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுத்துக் கொடிகளைப் பிடுங்க வைக்கத் தொடங்கினார்கள். அறுவடைக்கு வெளிநாட்டுப் பருவகாலக் கூலிகளை நம்பியிருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அந்த ஊர் நமக்கு முன்னால் நிற்கிறது. 2009இல் அக்கித்தேன் அருங்காட்சியகத்தில் அடிமை வணிகத்தில் போர்தோவின் பங்கைச் சொல்லும் நிரந்தரக் கூடங்களைத் திறந்தார்கள். 2019 மே மாதத்தில் ஆற்றங்கரையில் ஒரு பெண்ணின் சிலையை வைத்தார்கள். அவள் பெயர் அல் பூவெசி. போர்தோ சகோதரர்கள் இருவர் அவளை வாங்கி, மோதெஸ்த் தெஸ்தாஸ் என்று தங்கள் பெயரைச் சூட்டி, சேன் தொமேங்குக்குக் கொண்டுபோனார்கள். வாங்கியவன் வைத்த பெயரோடு அவளுடைய சொந்தப் பெயரும் இன்று வெளியே வந்துவிட்டது. அந்த மக்களின் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று கேட்டதால் வந்தது. தானாக வரவில்லை.

நாம் கேட்க வேண்டியதும் இதுதான். அரிக்கமேட்டைச் சுற்றி வேலி போட்டு அறிவிப்புப் பலகை வைத்தால் ரோமானியனுக்கு மரியாதை. 'ஒரேலி'யிலும் அதன் பின்னால் போன கப்பல்களிலும் ஏறியவர்களின் பெயர்கள் பதிவேடுகளில் எழுதப்பட்டன. சுமந்தவன் பெயர் எங்கும் வராது என்று தொடக்கத்தில் சொன்னேன். அதிகாரி தன் கணக்குக்காக எழுதிவைத்த இடத்தில் மட்டும் அது வருகிறது. ரெயூனியனிலும் மார்த்தினீக்கிலும் குவாதலூப்பிலும் அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் ஊர் எது என்று இந்தப் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பிரெஞ்சு படிக்கிற நம் மாணவர்கள் அந்தப் பதிவேடுகளைத் திறக்க வேண்டும். எங்கள் பேட்டுக் கிழவிகளிடம் எந்த வீட்டிலிருந்து யார் போய்த் திரும்பவில்லை என்று கேட்டு எழுத வேண்டும். கிழவிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.